ஒரு சுருள்வில்லின் கதையும், நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும்



போன மாதம் ஆறாம் வகுப்புப் பாடநூல் பற்றி எழுதிய பதிவுக்குப் பிறகு கொஞ்ச நாள் எதுவும் எழுதவில்லை. "சார் உடம்புக்கு நல்லாருக்கீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறேன். நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கார் பட்டறையில் கழிந்தன. 75 வயதில் உனக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவியும் கேட்டாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். பதிவு நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் தம்பி மகன் கோவையில் வேலை பார்க்கிறான். அவனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய மாருதி ஸ்விஃப்டை வாங்கி, செட்டிபாளையம் பக்கம் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பழகுகிறார்கள். அதற்கு 'காயில்ஓவர்' என்று ஒரு சாமானை, யாரோ பயன்படுத்தி விற்றதை, 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிட்டான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு செட். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு தானே மாட்டப் போகிறேன் என்றான். என் தம்பி இறந்து நான்கு வருடம் ஆகிறது. தம்பி மனைவி போனில் அழுதாள். "மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றாள்.

தடுத்து நிறுத்தத்தான் போனேன். போன இடத்தில் அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 33 வருடம் இயற்பியல் நடத்தியவன் கையில் ஒரு நல்ல சுருள்வில்லைக் கொடுத்தால் கீழே வைப்பானா?

ஹூக் போட்ட புதிர்

உங்களில் பலருக்கு ஹூக் விதி நினைவிருக்கும். கம்பிச் சுருளில் எடைத்தட்டைத் தொங்கவிட்டு, 50 கிராம் 50 கிராமாகக் கூட்டி, அளவுகோலில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி, வரைபடத் தாளில் நேர்கோடு வரைந்தீர்களே, அதுதான். இராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்ததும் நேராகச் சொல்லவில்லை. வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று 1676இல் ஒரு புத்தகத்தில் 14 இலத்தீன் எழுத்துகளைக் கலைத்து, அகரவரிசையில் அடுக்கி, புதிராக அச்சிட்டார். விடையை 1678இல்தான் வெளியிட்டார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதுதான் அந்த விடை. இன்றைக்கு உலகத்தில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் வண்டிக்குச் சுருள்வில் வருவதற்கு வெகுகாலம் முன்பே பட்டைவில் வந்துவிட்டது. நம் ஊரிலேயே 'வில்வண்டி' என்று சொல்வோம். வசதியானவர்கள் வீட்டில் நிற்கும் மாட்டுவண்டி. சாதாரண கட்டை வண்டியில் பெட்டி நேராக அச்சின் மேல் உட்காரும். வில்வண்டியில் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக இருக்கும். எங்கள் பெரியம்மா வீட்டுக்கு அதில் போனபோது மடியில் வைத்திருந்த பலகாரத் தூக்கு குலுங்காமல் வந்ததைச் சிறுவயதில் அதிசயமாகப் பார்த்திருக்கிறேன். லாரிக்காரர்கள் இன்றும் அதைப் 'பட்டை' என்றே சொல்கிறார்கள்.

பட்டைவில்லில் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசும். வண்டி குழியில் விழுந்து எழுந்ததும் அந்த உராய்வு ஆட்டத்தைக் கொஞ்ச நேரத்தில் அடக்கிவிடும். சுருள்வில்லில் அந்த உராய்வு கிடையாது. எடை குறைவு, இடம் குறைவு, மென்மை அதிகம். எல்லாம் சரி. ஒரு தடவை ஆடத் தொடங்கினால் மட்டும் நிற்காது. 1763லேயே இங்கிலாந்தில் சுருள்வில்லுக்குக் காப்புரிமை வாங்கியாயிற்று. ஆனாலும் கார்கள் வந்து பல வருடம் வரை பட்டைவில்லில்தான் ஓடின. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குறுக்கே போட்ட பட்டைவில்தான்.

ஆட்டத்தை அடக்க ஒரு துணை வேண்டும். அதைத்தான் நாம் 'ஷாக் அப்சார்பர்' என்கிறோம். பெயரே தவறு என்று வகுப்பில் சொல்வேன். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் செய்வது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெய் வழியாக வெப்பமாக்கி அடக்குவது. மோசமான ரோட்டில் வந்து நின்ற பஸ்ஸின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். (தொட்டுப் பார்க்க வேண்டாம்.) முதலில் உராய்வுத் தகடுகளால் செய்தார்கள். பிறகு எண்ணெய் நிரப்பிய உருளை வந்தது. உள்ளே ஒரு தண்டு, அதன் முனையில் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். எண்ணெய் அந்தத் துளை வழியே கஷ்டப்பட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

1930இல் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தார். முன்சக்கரம் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு, சுருள்வில்லோடு, 1934இல் அந்த நிறுவனத்தின் கார்களில் வந்தது. பட்டைவில்லின் முன்பக்க ஆட்சி அங்கிருந்து சரியத் தொடங்கியது.

மெட்ராஸில் பிறந்த காயில்ஓவர்

சரி, காயில்ஓவர் என்றால் என்ன? சுருள்வில் ஒரு பக்கம், ஷாக் ஒரு பக்கம் என்று வைக்காமல், ஷாக்கைச் சுற்றியே சுருள்வில்லை மாட்டுவது. காயில் மேலே, ஷாக் உள்ளே. தம்பி மகன் என்னிடம், "பெரியப்பா, இது உங்க காலத்துல எல்லாம் கிடையாது. ரேஸ் டெக்னாலஜி" என்றான். சிரித்துக்கொண்டேன்.

1965 வாக்கில் எங்கள் ஊர் டாக்டரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959இல் வந்தது. இத்தாலியின் மிக்கலாட்டி வடிவமைத்த அழகான கார். அதை 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. அதன் பானெட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து மூக்கு முழுவதும் முன்பக்கம் கவிழும். டிரைவர் அதைத் திறந்து வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்ப்பார். பள்ளி விட்டு வரும்போது நாங்கள் வேடிக்கை பார்ப்போம். முன்சக்கரம் இரண்டுக்கும் உள்ளே, நீளமான ஷாக்கைச் சுற்றி ஒரு சுருள்வில் நிற்கும். அப்போது பெயர் தெரியாது. இப்போது தெரிகிறது. அதுதான் காயில்ஓவர்! பின்பக்கம் மட்டும் குறுக்கே ஒரு பட்டைவில். ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் நிறுவனம் தன் கார்களில் பயன்படுத்திக்கொண்டது. ஆக, ரேஸ் காருக்கும் எங்கள் ஊர் டாக்டர் காருக்கும் சொந்தம் உண்டு.

அந்தக் காலத்தின் மற்ற இரண்டு கார்களையும் நினைத்துப் பாருங்கள். அம்பாசிடரில் முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை. ஃபியட்டில் முன்னால் சுருள்வில், பின்னால் பட்டை. மூன்றும் ஒரே ரோட்டில் மூன்று விதமாகக் குலுங்கின.

1983இல் மாருதி 800 வந்தது. முன்பக்கத்தில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் யோசித்த அமைப்பு. ஜெனரல் மோட்டார்ஸில் அவர் வேலை செய்த சிறிய கார் திட்டம் கைவிடப்பட்டதால் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் அது வந்தது. இதில் ஷாக்கே ஒரு தூணாகிவிடும். சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அதுதான், ஆட்டத்தை அடக்குவதும் அதுதான், ஸ்பிரிங்கைச் சுமப்பதும் அதுதான். குறைந்த செலவு, குறைந்த இடம். இன்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான்.

அப்படியானால் கடையில் 'காயில்ஓவர்' என்று தனியாக விற்பது எதை? உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டை. உடம்பு முழுக்க மரை வெட்டியிருப்பார்கள். வளையங்களைத் திருகி காரை ஏற்றலாம், இறக்கலாம். மேலே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் எண்ணெய் போகும் துளை சிறுத்து ஷாக் இறுகும். ஸ்வீடனில் 1976இல் தொடங்கிய ஓலின்ஸ், ஜப்பானில் 1985இல் தொடங்கிய டெயின் போன்ற நிறுவனங்கள் ரேஸ் மைதானத்துச் சரக்கைச் சாதாரண மனிதன் காருக்கும் கொண்டுவந்தன. பிறகு மலிவுச் சரக்குகளும் வந்தன. அவை கை மாறி, கை மாறி, கடைசியில் என் தம்பி மகன் கைக்கு ஒரு செட் வந்து சேர்ந்திருக்கிறது.

பட்டறையில்

"வாசலில் வைத்து மாட்டக் கூடாது. என் மாணவன் ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான், அவனிடம் போவோம். அவன் சரி என்றால் சரி" என்றேன். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். 1991இல் பத்தாம் வகுப்பு பி பிரிவு, கடைசி பெஞ்ச். கூடப் படித்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

"வாங்க சார், உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பிறகு சாமானைக் கையில் எடுத்தவன் அரை மணி நேரம் பேசவில்லை. அவன் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். பழைய காயில்ஓவர் வாங்குகிறவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில் ஷாக்கின் தண்டைக் கையால் அழுத்தினான். நடுவில் எங்கேயும் தொளதொளவென்று விழாமல் ஒரே சீராக உள்ளே போக வேண்டும், ஒரே சீராகத் திரும்பி வர வேண்டும். தண்டின் மேல் விரலை ஓட்டினான். பளபளப்புப் பூச்சில் சிறு புள்ளியாகத் துரு இருந்தாலும் அது எண்ணெய் சீலை அறுத்துவிடும். சீலைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தான். மேல் மவுண்ட்டைத் திருப்பி பேரிங் கரகரக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்டான். மரைகளில் செம்மண் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, பித்தளை பிரஷால் தேய்த்தான். இரும்பு பிரஷ் போட்டால் மரை போய்விடுமாம்.

எல்லாம் தேறிவிட்டது. தம்பி மகன் முகத்தில் சிரிப்பு. அப்போது இவன் முன்பக்கத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, "இது ரெண்டும் ஜோடி இல்லீங்க சார்" என்றான்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே சுற்று எண்ணிக்கை. "எப்படிச் சொல்ற?" என்றேன். மரையில் பழைய பூட்டு வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் மண் படிந்து ஒரு கோடு இருந்தது. வலது பக்கத்துக் கோட்டுக்கும் இடது பக்கத்துக் கோட்டுக்கும் ஐந்தரை மரை வித்தியாசம். ஒரு மரைக்கு 2 மி.மீ. என்றால் 11 மி.மீ. "காரு மட்டமா நிக்கோணும்னு வளையத்துல சரி பண்ணியிருக்காங்க. ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணா இருந்தா இவ்வளவு வித்தியாசம் ஏன் வருது?" என்றான். ஸ்பிரிங்கில் அச்சிட்டிருந்த எண் மேல் யாரோ புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெர்னியர் எடுத்துக் கம்பியை அளந்தான். இடது 12 மி.மீ. வலது 12.9 மி.மீ.

முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் என்ன இருக்கிறது என்று தம்பி மகன் கேட்டான். இங்கேதான் எனக்கு வேலை வந்தது. சுருள்வில்லின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 12.9ஐ 12ஆல் வகுத்து, அதை நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள். 1.33 வரும். அதாவது வலது ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. பெயின்ட்டைச் சுரண்டினோம். இடது பக்கம் 6, வலது பக்கம் 8. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ, 8 கிலோ என்று அர்த்தம். (கிலோ என்பது நிறை, விசை ஆகாது என்று சண்டைக்கு வர வேண்டாம். பட்டறை வழக்கு அப்படி.)

அந்தக் காரின் முன்சக்கரம் ஒன்றின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 270 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 270ஐ 6ஆல் வகுத்தால் 45 மி.மீ. 8ஆல் வகுத்தால் 34 மி.மீ. வித்தியாசம் 11. அவன் மண் கோட்டில் படித்த அதே 11! காகிதத்தில் நான் கணக்குப் போட்டு முடிப்பதற்கு முன்பே அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

நின்றிருக்கும்போது கார் மட்டமாகத்தான் தெரியும். விற்றவர் எடுத்த போட்டோவிலும் மட்டமாகத்தான் இருந்தது. வேகமாகப் போய் பிரேக் பிடித்து, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் 60 கிலோ கூடினால், இடது பக்கம் 10 மி.மீ. குனியும், வலது பக்கம் 7.5 மி.மீ.தான். இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் இன்னொரு குணம். மைதானத்தில் 120 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓட்டுபவனுக்குத் தெரிய வரும். வாசலில் மாட்டியிருந்தால் அப்போதுதான் தெரிந்திருக்கும். தம்பி மகன் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

மாட்டிய கதை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நீளம், அதே உள்விட்டத்தில் 6 கிலோ ஸ்பிரிங் ஒரு ஜோடி புதிதாக வந்தது. ஒன்றை மட்டும் மாற்றலாமே என்றதற்கு, "பழசும் புதுசும் சேராதுங்க சார், ஜோடியாத்தான் மாத்தோணும்" என்றான்.

வேலை தொடங்குமுன் நான்கு சக்கரத்துக்கும் அச்சின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினான். காரை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்தான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டக் கூடாது. இதை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆன்ட்டி ரோல் பாரின் லிங்க் மூன்றையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்தான். பிரேக் ஹோஸில் எடை தொங்கவிடக் கூடாது என்று காலிப்பரை ஒரு கம்பியால் கட்டினான். கீழே இரண்டு போல்ட், மேலே பானெட்டுக்குள் இருக்கும் நட்டுகள். ஸ்ட்ரட் முழுதாக வெளியே வந்துவிடும். ஸ்ட்ரட்டின் நடு நட்டை மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடத் தொடக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் அங்கேதான் பூட்டியிருக்கிறது. அதைக் கழற்றினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும்.

புதியதை மாட்டும்போது நான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஸ்பிரிங்கின் அடி வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஹூக் விதிப்படி அது நடக்காது. 6 கிலோ ஸ்பிரிங் எங்கே இருந்தாலும் 6 கிலோதான். காரின் எடை அதன் மேல் வந்ததும் அதே 45 மி.மீ. கணக்குதான். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஸ்பிரிங் லொடலொடக்காத அளவுக்கு அடி வளையத்தை வைத்தால் போதும். உயரத்தை அடித் தாங்கியைத் திருகித்தான் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஷாக்கின் ஓட்டம் குறையாது.

பின்பக்கம் வேறு கதை. ஸ்விஃப்டில் பின்னால் ஒரே அச்சுக்கட்டை. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பெட்டியில் காயில்ஓவர் என்று போட்டிருந்தாலும் பின்னால் வருவது உயரம் மாற்றும் தட்டும் தனி ஷாக்கும்தான்.

எவ்வளவு இறக்குவது என்பதில்தான் விவாதம். பையன் 50 மி.மீ. கேட்டான். அவன் 25 என்றான். "கீழ் ஆர்ம் மட்டமா நிக்கோணும். சக்கரப் பக்கம் மேல ஏறி நின்னுதுன்னா காரு சாயறது ஜாஸ்தியாகும். பார்க்க அழகா இருக்கும், வளைவுல பிடிக்காது" என்றான். 365 இருந்த இடத்தில் 340 வைத்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் காலில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்கினான். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். ஷாக்கின் குமிழை முழுக்க இறுக்கி, அங்கிருந்து 8 கிளிக் பின்னால் எண்ணி வைத்தான். இடது எட்டு, வலது எட்டு. பிறகு வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேர்க்கோடும் மாறிவிடும். அதைப் பார்க்காமல் ஓட்டினால் டயர் உள்பக்கம் சீக்கிரமே தேய்ந்துவிடும். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா வளையங்களையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

45 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கில் கார் நிமிடத்துக்குச் சுமார் 140 தடவை ஆடும். சாதாரண வீட்டுக் கார் 60 முதல் 90. அதனால்தான் மைதானத்தில் ஒட்டிப் பிடிக்கும் கார், நம் ஊர் ரோட்டில் வயிற்றைக் கலக்கும். அதோடு சட்டமும் இருக்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. ஆகவே அந்தக் கார் மைதானத்துக்கு வேறு வண்டி மேல் ஏறித்தான் போகும், ஏறித்தான் வரும். இது என் நிபந்தனை. பையன்கள் மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். தம்பி மனைவிக்கும் சொல்லிவிட்டேன்.

அந்த மன்னிப்பு

இனி, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணம்.

1991இல் நம் பள்ளி ஆய்வகத்தில் ஹூக் விதிச் சோதனை நடந்தது. ஒரு பையன் 50 கிராம் 50 கிராமாக ஏற்றச் சொன்னதை விட்டுவிட்டு, பக்கத்து மேஜை எடைகளையும் எடுத்து ஒன்றாக மாட்டிவிட்டான். கம்பிச்சுருள் நீண்டு, பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பவே இல்லை. பள்ளியில் மொத்தம் நான்கு சுருள்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லார் முன்னாலும், "நீ எதுக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்க? ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனை இரண்டு பீரியடு வெளியே நிற்க வைத்தேன்.

அன்று அவன் செய்ததற்குப் பாடநூலில் பெயர் இருக்கிறது. மீட்சி எல்லை. அதற்கு மேல் விசை போனால் ஹூக் விதி செல்லாது, பொருள் பழைய நிலைக்குத் திரும்பாது. நான் அதைக் கரும்பலகையில் வரையறையாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். அந்த வகுப்பில் அதைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஒரு நல்ல ஆசிரியர் அந்த நீண்டுபோன சுருளைக் கையில் எடுத்து, "எல்லாரும் இங்க பாருங்க" என்று சொல்லியிருப்பார். நான் பையனை வெளியே அனுப்பினேன்.

பட்டறையில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது மெதுவாக, "அந்த லேப் ஸ்பிரிங் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்தான். "இருக்குதுங்க சார். அப்புறம் எந்த ஸ்பிரிங்கைப் பார்த்தாலும் எவ்வளவு தாங்கும்னு யோசிக்காம கை வைக்கறதில்லைங்க" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூலி எவ்வளவு என்றதற்கும், "உங்ககிட்ட வாங்குவனுங்களா" என்று தட்டிக் கழித்தான். தம்பி மகனிடம் கொடுத்து, வற்புறுத்தி வாங்க வைத்தேன். உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் வருவது இன்னொரு அவமரியாதை.

நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவன் கேட்க விடவில்லை. அன்று அவமானப்படுத்தியது நாற்பது பேர் முன்னால். ஆகவே மன்னிப்பையும் நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் கேட்பதுதான் முறை. தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. ஸ்பேனர் பிடிப்பதை இழிவாகச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. 12க்கும் 12.9க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்து என் தம்பி மகனின் உயிரைக் காத்தவன் நீ. மன்னித்துவிடு.

1991 பி பிரிவில் அன்று சிரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவனுக்கு ஒரு போன் போடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் காரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிற என் மாணவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். உங்கள் ஆய்வகத்தில் யாராவது ஸ்பிரிங்கை இழுத்துக் கெடுத்தால் திட்டுவதற்கு முன்னால், எத்தனை கிராமில் கெட்டது என்று ஒரு தடவை கேளுங்கள்.

அந்த ஜோடி சேராத 8 கிலோ ஸ்பிரிங்கை நான் வாங்கி வந்துவிட்டேன். என் மேஜை மேல் நிற்கிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு வெர்னியரையும் கொடுத்து அளக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்